கை நுழையாத பெருநாள் சட்டை

சென்ற நோன்புப் பெருநாளுக்கு நாம் வழங்கிய புத்தாடைகளில் ஒன்று மடிப்புக் கலையாமல் கிடக்கிறது. பக்கவாதத்தால் இடக்கை முடங்கிய ஒரு சகோதரருக்குக் கொடுத்த சட்டை அது. அளவு சரிதான், விறைத்த கைதான் உள்ளே நுழையவில்லை. பனியனோடு வர வெட்கப்பட்டு, பெருநாள் தொழுகைக்கே அவர் வரவில்லை. அளவு கேட்ட நாம், எப்படி உடுத்துகிறீர்கள் என்று கேட்கவில்லை. தவறு நம்முடையதே.

பார்வையற்ற தோழர் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை முன்னிட்டு 'அபஸ' அத்தியாயம் இறங்கியதை மதரஸாவில் ஓதியிருக்கிறோம். மதீனாவில் பாங்கு சொல்லும் பொறுப்பு அவருக்கு இருந்தது. நபி (ஸல்) அவர்கள் வெளியூர் சென்றபோது தொழவைக்கும் பொறுப்பும் அவரிடம் வந்தது. நம் ஊரிலோ ஒரு சட்டைக் கை ஒருவரை வீட்டில் உட்கார வைத்துவிட்டது.

உலகத்துக்கே பனியன் தைத்து அனுப்பும் பகுதி இது. அமெரிக்காவின் டாமி ஹில்ஃபிகர் நிறுவனம் 2016-இல் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கென்றே உடைகளைக் கொண்டுவந்தது. பட்டனுக்குப் பதில் அவற்றில் காந்தம். (பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்குக் காந்தம் ஆகாது.) கொல்கத்தாவில் சௌமிதா பாசு, மூட்டு நோயால் தாமே உடுத்த முடியாமல் தவித்தவர், 'ஸைனிகா' என்ற பெயரில் இத்தகைய உடைகளைத் தயாரிக்கிறார்.

நம் வீட்டுத் தையல் மிஷினே இதற்குப் போதும். மணிக்கட்டிலிருந்து அக்குள்வரை ஓடும் தையலையும், அங்கிருந்து இடுப்புக்கு இறங்கும் பக்கத் தையலையும் பிரித்து, பட்டி கொடுத்து வெல்குரோ வைக்க வேண்டும். சட்டையைக் கைமேல் போர்த்தி ஒட்டிவிடலாம். உளூ செய்யும்போது முழங்கைவரை பிரித்துக்கொள்ளலாம். வெல்குரோவின் சொரசொரப்பான பக்கம் தோலில் படக்கூடாது. துவைக்குமுன் ஒட்டிவிட வேண்டும், இல்லையேல் நூலையெல்லாம் இழுக்கும். புதிதாகத் தைப்பதென்றால் இழுபடும் பின்னலாடைத் துணியே நல்லது. உடுத்தும்போது முடங்கிய கை முதலில். கழற்றும்போது நல்ல கை முதலில்.

சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு உட்கார்ந்த நிலையிலேயே அளவெடுங்கள். பேன்ட்டில் பின்பாக்கெட் வேண்டாம். உறுத்தி உறுத்திப் புண்ணாகும். புர்காவின் பக்கங்கள் சக்கரத்தில் சிக்காத அளவுக்குக் குறுகலாக இருக்கட்டும். தூக்கி அமர்த்தும்போது மறைவு குறையாதிருக்க உள்ளே பேன்ட் போடலாம். ஆட்டிசம் உள்ள பிள்ளை உடையைப் பிய்த்தெறிந்தால் அடம் என்று அடிக்காதீர்கள். முதலில் கழுத்து லேபிளை வெட்டிப் பாருங்கள்.

அந்தச் சகோதரரின் சட்டை இப்போது தையலில் இருக்கிறது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இப்படி உடை தேவைப்படுவோரின் வீட்டார் ஒரு மாதம் முன்பே அறக்கட்டளை அலுவலகத்தில் சொல்லுங்கள். ஆண்களுக்கு ஆண் தையல்காரரும், பெண்களுக்குப் பெண் தையல்காரரும் வீட்டுக்கே வந்து அளவெடுப்பார்கள், இன்ஷா அல்லாஹ்.