அந்த ஃபார்மட் பொத்தானைத் தொடாதே

அன்புத் தம்பிக்கு,

மேக்கில் வேலை பார்க்கும் ஒருவர் கொடுத்த ஹார்ட் டிஸ்க்கை விண்டோஸ் லேப்டாப்பில் செருகினால், சில சமயம் ஒரு சின்னப் பெட்டி எழும். டிரைவைப் பயன்படுத்த முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும் என்று கேட்கும். பழகாத கை நேராக ஃபார்மட் பொத்தானுக்குப் போய்விடுகிறது. கல்யாண வீடியோவும் கல்லூரி ப்ராஜெக்ட்டும் பறிபோவது அந்த ஒரு நொடியில்தான். பெட்டி வந்தால் கேன்சல் கொடு, டிஸ்க்கைக் கழற்று. பெரும்பாலும் டிஸ்க் கெட்டிருக்காது. விண்டோஸுக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஏன் தெரியவில்லை? டிஸ்க் என்பது வெறும் இடம். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, பெயர் என்ன, நீளம் எவ்வளவு என்றெல்லாம் அதிலேயே ஒரு பேரேடு எழுதிவைக்க வேண்டும். அதை எழுதும் முறைக்குத்தான் கோப்பு முறைமை என்று பெயர். விண்டோஸ் என்டி 1993-இல் என்டிஎஃப்எஸ் முறையோடு வந்தது. ஆப்பிள் 1998-இல் எச்எஃப்எஸ் பிளஸ், 2017-இல் மேக் கணினிகளுக்கு ஏபிஎஃப்எஸ் என்று தன் வழியில் போனது. லினக்ஸில் பெரும்பாலும் எக்ஸ்ட்4. ஆப்பிளின் பேரேடுகள் இரண்டையும் விண்டோஸ் தானாகப் படிக்காது. மேக்கோ என்டிஎஃப்எஸ் டிஸ்க்கைப் படிக்கும், அதில் எழுதாது. படங்களைத் திறந்து பார்க்கலாம். புதிதாக ஒரு படத்தை இழுத்துப் போட்டால் ஏற்காது. லினக்ஸ்தான் இதில் தாராளம். என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்கும், எழுதவும் செய்யும்.

மூன்றுக்கும் புரியும் பழைய முறை ஒன்று உண்டு: ஃபேட்32. விண்டோஸ் 95 காலத்தில், 1996-இல் வந்தது. அதில் ஒரு முட்டுக்கட்டை. ஒரு கோப்பின் நீளத்தைக் குறிக்க அந்தப் பேரேட்டில் 32 பிட் இடம்தான் இருக்கிறது. அதில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295. அத்தனை பைட்டுக்கு மேல், அதாவது 4 ஜிபியைத் தொட்டாலே, அந்தக் கோப்புக்கு அங்கே இடமில்லை. டிஸ்க்கில் 900 ஜிபி காலியாகக் கிடக்கும். 5 ஜிபி வீடியோவைப் போட்டால் கோப்பு பெரிது என்று திருப்பி அனுப்பிவிடும். புதிதாகப் பார்ப்பவர் டிஸ்க்கில் கோளாறு என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்.

இந்தக் கட்டையை எடுத்துப் போடவே மைக்ரோசாஃப்ட் 2006-இல் எக்ஸ்ஃபேட்டைக் கொண்டுவந்தது. மேக் 2010-இல், 10.6.5 பதிப்பில், அதை ஏற்றுக்கொண்டது. லினக்ஸுக்குத்தான் நெடுங்காலம் காப்புரிமைச் சிக்கல். 2019-இல் மைக்ரோசாஃப்ட் அதன் விவரக்குறிப்பை வெளியிட்டதும் வழி திறந்தது. அடுத்த ஆண்டு, லினக்ஸ் 5.7 கெர்னலில், சாம்சங் எழுதிய நல்ல டிரைவர் சேர்ந்தது. இன்று மூன்று வகைக் கணினிக்கும் கை மாறும் டிஸ்க் என்றால் எக்ஸ்ஃபேட் போடு. 64 ஜிபி கேமரா கார்டுகளே இந்த முறையில்தான் வருகின்றன.

விண்டோஸில் டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து, ஃபார்மட் போய், எக்ஸ்ஃபேட்டைத் தேர்ந்தெடு. மற்றதை அப்படியே விட்டுவிடு. மேக்கில் கொஞ்சம் கவனம் வேண்டும். டிஸ்க் யுட்டிலிட்டியில் வியூ மெனுவுக்குப் போய், எல்லா டிவைஸையும் காட்டச் சொல். பிறகு பட்டியலில் உன் டிஸ்க்கின் மேல்வரியைத் தேர்ந்தெடு. எரேஸ் கொடுத்து, ஃபார்மட்டில் எக்ஸ்ஃபேட்டைத் தேர்ந்தெடு. ஸ்கீம் என்ற இடத்தில் ஜியூஐடி பார்ட்டிஷன் மேப் இருக்க வேண்டும்.

எக்ஸ்ஃபேட்டின் பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். என்டிஎஃப்எஸ்ஸிலும் எக்ஸ்ட்4-இலும், செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஏற்பாடு உண்டு. பாதியில் கரன்ட் போனாலும் அந்தக் குறிப்பை வைத்துப் பேரேட்டைச் சரிசெய்துகொள்ளும். எக்ஸ்ஃபேட்டில் அது இல்லை. காப்பி முடிந்ததாகத் திரை சொன்ன மறுகணமே கேபிளை உருவினால், எழுத்து பாதியில் நின்று ஒரு ஃபோல்டரே காணாமல் போகலாம். எஜெக்ட் கொடுத்து, டிஸ்க்கின் சின்ன விளக்கு மினுக்குவதை நிறுத்தும்வரை பொறு. ஒரே பிரதியை இதில் மட்டும் வைத்திருக்காதே. மேக்கின் டைம் மெஷின் பேக்கப்புக்கும் எக்ஸ்ஃபேட் உதவாது. அதற்குத் தனி டிஸ்க் வாங்கிவிடு.

யாராவது ஏற்கெனவே ஃபார்மட்டை அழுத்தியிருந்தால், அதில் புதிதாக ஒன்றையும் போட வேண்டாம் என்று சொல். சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் குவிக் ஃபார்மட் பேரேட்டைத்தான் மாற்றுகிறது. கோப்புகள் மேலெழுதப்படும்வரை உள்ளேயே கிடக்கும், மீட்க வாய்ப்புண்டு.

உன் டிஸ்க்கை ஞாயிற்றுக்கிழமை எடுத்து வா, எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றிவிடலாம். மாற்றினால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும். அதனால் முதலில் காப்பி எடுத்துவைக்க இன்னொரு டிஸ்க்கையும் யாரிடமாவது கேட்டு வாங்கி வா.

அன்புடன்,
அண்ணன்