ஒழுகாத வளையம்

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் நிற்கும் விசைப்படகுகளைப் பார்த்திருக்கிறீர்களா? எஞ்சின் படகுக்குள் இருக்கிறது. அது சுழற்றும் விசிறி கடலுக்குள் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் தண்டு, படகின் உடலைத் துளைத்துக்கொண்டு வெளியே போகிறது. அப்படியானால் அந்தத் துளை வழியே கடல்நீர் ஏன் உள்ளே புகுந்துவிடுவதில்லை?

பல படகுகளில் தண்டைச் சுற்றிக் கிரீஸ் ஊறிய கயிற்றை வளையம் வளையமாக வைத்து இறுக்கியிருப்பார்கள். இதற்கு 'கிளாண்ட் பாக்கிங்' என்று பெயர். இதை அளவுக்கு மீறி இறுக்கக் கூடாது. தண்டு சுழலும்போது நீர் சொட்டுச் சொட்டாகக் கசிய வேண்டும். உராய்வினால் எழும் சூட்டை அந்த நீர்தான் தணிக்கிறது.

கார் எஞ்சினிலும் இதே சிக்கல் உண்டு. ஆனால் அங்கே ஒரு சொட்டுகூடக் கசியக் கூடாது. 1983 முதல் 2014 வரை தயாரிக்கப்பட்ட மாருதி 800 காரை எடுத்துக்கொள்வோம். அதன் வால்வுகளைத் திறப்பது கேம் ஷாப்ட் என்னும் தண்டு. இதன் ஒரு முனையில் பல்சக்கரம் உண்டு. அதை டைமிங் பெல்ட் என்னும் ரப்பர் பட்டை சுழற்றுகிறது. தண்டுக்கு எண்ணெய் வேண்டும்; பட்டைக்கு எண்ணெய் ஆகாது. எண்ணெய் பட்டால் ரப்பர் கெட்டு, பட்டை அறுந்து, கார் நடுவழியில் நின்றுவிடும்.

இரண்டுக்கும் நடுவே காவல் நிற்பது 'ஆயில் சீல்' என்னும் ரப்பர் வளையம். அதன் மெல்லிய உதட்டை ஒரு சிறு சுருள்வில் தண்டின்மேல் அழுத்திப் பிடிக்கிறது.

அதன் உழைப்பைக் கணக்கிடுவோமா? எஞ்சின் நிமிடத்திற்கு 3000 சுற்றுச் சுற்றினால், கேம் ஷாப்ட் அதில் பாதி, அதாவது 1500 சுற்றுச் சுற்றும். தண்டின் விட்டம் 30 மி.மீ. என்று கொண்டால், ஒரு மணி நேரத்தில் உதட்டின் மேல் உராய்ந்து செல்லும் தூரம் சுமார் 8.5 கிலோமீட்டர்!

ஆண்டுக்கணக்கில் சூடுபட்டு ரப்பர் விறைத்துப்போகிறது, உதடு தேய்கிறது, எண்ணெய் ஒழுகுகிறது. நல்ல மெக்கானிக் உடனே புது சீலைத் தட்டிப் பொருத்திவிட மாட்டார். எஞ்சினுக்குள் சேரும் வாயு வெளியேறும் குழாய் அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பார். அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறிப் புது சீலையும் ஒழுகச் செய்துவிடும். பிறகு டைமிங் குறிகளைச் சரிபார்த்துப் பட்டையைக் கழற்றுவார். தண்டில் கீறல் விழாமல் பழைய சீலை எடுப்பார். ஒரு கீறலே எண்ணெய்க்கு வாய்க்கால் ஆகிவிடும் அல்லவா? புது சீலின் உதட்டில் எண்ணெய் தடவி, சுருள்வில் உள்ள பக்கம் எஞ்சினை நோக்கி இருக்குமாறு, கோணாமல் அழுத்திப் பொருத்துவார். எண்ணெயில் ஊறிய பட்டையையும் மாற்றிவிடுவார்.

உதடு ஏன் எண்ணெய்ப் பக்கம் நோக்க வேண்டும்? சைக்கிள் பம்பைப் பிரித்து அதன் தோல் வாஷரைப் பாருங்கள். குவளை போன்ற அதன் வாய், அழுத்தப்படும் காற்றை நோக்கி இருக்கும். திருப்பி மாட்டி அடித்துப் பாருங்கள். காரணம் உங்களுக்கே புரிந்துவிடும்!