வீட்டு வாத்துக்குத் திடீர் நோய் கண்டால்

கணக்கும் சரக்கும் எழுத வேண்டிய இடத்தில் இவன் வாத்தைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று சிரிக்க வேண்டாம். சிறு பட்டணங்களில் கடை வைத்திருக்கும் நம்மவர்களில் பலர் பின்கட்டில் நாலு கோழியோ இரண்டு வாத்தோ வளர்க்கிறோம். பிள்ளைகள் அவற்றுக்குப் பேர் வைத்து விடுகிறார்கள். பேர் வைத்த பிறகு அது கறிக்கு ஆகாது. வீட்டில் ஒரு ஆளாகி விடுகிறது.

சென்ற வருடம் வெயில் கடுமையாக இருந்த ஒரு வாரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். காலையில் கடை திறக்கும்போது என் இளைய மகளின் இரண்டு வாத்துகளும் நன்றாகத்தான் திரிந்தன. லுஹர் தொழுதுவிட்டுச் சாப்பிட வந்தால், ஒன்று தண்ணீர்த் தொட்டியில் தலை கவிழ்ந்து செத்துக் கிடந்தது. மற்றது எழ முடியாமல் இறக்கையை ஊன்றித் தவழ்ந்தது. சற்று நேரத்தில் இறக்கையும் தொங்கிற்று. அசருக்குள் கழுத்தும் துவண்டு தரையில் விழுந்துவிட்டது. கண் மட்டும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. மகள் அழுத அழுகையைச் சொல்லி முடியாது.

வீட்டார் கஞ்சித் தண்ணீரும் கரண்டியுமாக ஓடி வந்தார்கள். அடுத்த கடைக்காரர், "மச்சான், உயிர் போவதற்குள் அறுத்துவிடுங்கள், வீணாகாது" என்றார். உயிரோடு அறுத்தால் கூடும் என்பது ஒரு பேச்சு. என்ன நோய் என்று தெரியாததைப் பிள்ளைகளின் சட்டியில் போடுவது வேறு பேச்சு. நான் சம்மதிக்கவில்லை. மிருக வைத்தியர்களுக்குப் போன் செய்தேன். முதல் இரண்டு இடத்தில், பூனை நாய் மட்டும்தான் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாவது இடத்தில் பறவை பார்க்கும் டாக்டரம்மா ஒருவர் கிடைத்தார். இதற்கே முக்கால் மணி நேரம் போயிற்று. வாத்தோ கோழியோ வளர்ப்பவர்கள் எந்த டாக்டர் பறவை பார்ப்பார் என்று இன்றே விசாரித்து, அந்த எண்ணைக் கல்லாப்பெட்டிக்கு மேலே சுவரில் எழுதி வையுங்கள்.

அந்த அம்மா போனிலேயே சொன்னது: "ஐயா, வாயில் ஒன்றும் ஊற்றாதீர்கள்." வாத்தின் நாக்கடியில்தான் மூச்சுக்குழலின் வாய் இருக்கிறது. விழுங்கத் திராணியற்றதற்குத் தண்ணீர் ஊற்றினால் அது நுரையீரலில் போய் விழும். நாம் இரக்கத்தால் கொல்வது இப்படித்தான். தண்ணீர் கிட்ட விடவும் கூடாது. கழுத்தைத் தூக்க முடியாத வாத்து இரண்டு அங்குலத் தண்ணீரிலும் மூழ்கிச் சாகும். எங்கள் தொட்டியில் நடந்தது அதுதான். அட்டைப் பெட்டியில் துணி விரித்து, நெஞ்சு கீழே படும்படி உட்கார வைத்து, ஒரு துண்டைச் சுருட்டிக் கழுத்துக்கு அணை கொடுத்து, நிழலில் சந்தடியில்லாமல் கொண்டு வரச் சொன்னார்.

கொண்டு போனதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "இந்த வாரம் அங்கே ஏதாவது செத்துக் கிடந்ததா?"

எனக்கு முகம் செத்துவிட்டது. மூன்று நாளைக்கு முன் அரிசி மூட்டைப் பக்கம் பொறியில் விழுந்த எலியைப் பின்பக்கச் சாக்கடை ஓரம் வீசச் சொன்னவன் நான்தான்.

விஷயம் இதுதான். மண்ணிலும் சேற்றிலும் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்து கிடக்கிறது. சூடான நாளில், காற்றுப் புகாத பிணத்துக்குள் அது பெருகி நஞ்சு உண்டாக்கும். பிணத்தைத் தின்னும் ஈப்புழுவுக்கு அந்த நஞ்சால் கேடில்லை. ஆனால் அதன் உடம்பில் நஞ்சு சேர்ந்திருக்கும். வாத்துக்கோ புழு என்றால் அல்வா. சில புழுக்களே போதும். காலில் தொடங்கி இறக்கை, கழுத்து, கடைசியில் மூச்சு என்று தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும். கழுத்துத் துவண்ட கோழிகள் தின்ற பச்சை ஈயின் புழுக்களிலிருந்து 1922இல் அமெரிக்காவில் ஐடா பெங்ட்சன் என்ற அம்மையார் இந்தக் கிருமியின் ஒரு வகையைப் பிரித்தெடுத்துக் காட்டினார்.

நஞ்சுமுறி மருந்து உண்டு. எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. எங்களுக்குக் கிடைக்கவில்லை. டாக்டரம்மா குழாய் வைத்துத் தீனிப்பைக்குள் நீர் செலுத்தினார். அது பழகிய கை செய்ய வேண்டிய வேலை. வீட்டில் எங்கள் பங்கு, சில மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றி அணைப்பது, எச்சத்தைத் துடைப்பது, இமைக்க முடியாத கண்ணை அவர் கொடுத்த உப்புநீரால் நனைப்பது. முதல் இரண்டு நாள் தாண்டினால் நம்பிக்கை உண்டு என்றார்.

அவர் எக்ஸ்ரேயும் எடுத்தார். ஆணி, கம்பித் துண்டு, காசு விழுங்கினாலும் ஈய, துத்தநாக நஞ்சால் வாத்து இப்படியே தளர்ந்து விழுமாம். பெட்டி உடைக்கும் கடைக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வாயைத் திறந்து இரைத்து இறக்கையை விரித்தால் அது வெயில். நிழலுக்குக் கொண்டு போய்க் காலைக் குளிர்ந்த நீரால் நனைக்கலாம், ஐஸ் வேண்டாம். பெட்டை வாலை ஆட்டி முக்கிக்கொண்டே இருந்தால் முட்டை சிக்கியிருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

பல பறவைகள் ஒரே சமயம் சாவதானால் கதை வேறு. கிளந்தானில் 2004இலும் 2017இலும் பறவைக் காய்ச்சல் வந்தது. அப்படிக் கண்டால் வெறுங்கையால் தொடாமல், பிள்ளைகளை விலக்கி, கால்நடைச் சேவைத் துறைக்கு உடனே சொல்ல வேண்டும். என் கதையிலும் இரண்டு வாத்துகள் ஒரே நாளில் விழுந்ததால் டாக்டரம்மா அதையும் விசாரித்துவிட்டுத்தான் எலிக்கு வந்தார்.

மூன்றாம் நாள் காலை அந்த வாத்து கழுத்தைத் தூக்கியது. ஐந்தாம் நாள் நின்றது; எட்டு வைக்க மேலும் நாலு நாள் ஆயிற்று. அல்ஹம்துலில்லாஹ். இப்போது பொறியில் விழும் எலியைப் பையில் இறுகக் கட்டி மூடியுள்ள குப்பைத் தொட்டியில் போடுகிறோம். கடைப் பையன் மறந்தாலும் என் மகள் வந்து கேட்டுவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போகிறாள்.