இரவு 2 மணிக்கு எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள்? முதியோர் இல்லத்தை மதிப்பிடும் முறை

முதியோர் இல்லம் பார்க்கப் போகிற குடும்பங்கள் பெரும்பாலும் கட்டடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றன. அறை காற்றோட்டமாக இருக்கிறதா, வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா, லிஃப்ட் இருக்கிறதா, பக்கத்தில் கோயில் உண்டா, காலையில் என்ன டிபன் என்று விசாரிக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் அத்தனையும் தானாக எழுந்து நடமாடுகிற ஒருவருக்கான கேள்விகள். அவருக்குத் தாகமெடுத்தால் தானே போய்த் தண்ணீர் குடிப்பார். சாப்பாடு பிடிக்கவில்லை என்றால் வாய்விட்டுச் சொல்வார். இல்லம் அவருக்குத் தருவது தங்குமிடமும் சமையலும். பராமரிப்பு என்பது தானாகப் புரண்டு படுக்க முடியாதவரிடத்தில்தான் தொடங்குகிறது. ஆகவே ஓர் இல்லத்தின் தரத்தை அங்கே இருப்பவர்களில் மிகவும் இயலாதவரின் உடம்பை வைத்தே அளக்க வேண்டும். இன்று கைத்தடியோடு நடந்து போய்ச் சேருகிற அம்மாவும், ஒரு பக்கவாதம் வந்தாலோ இடுப்பெலும்பு முறிந்தாலோ அதே கட்டிலுக்குத்தான் போகப்போகிறார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் பத்தில் ஒருவருக்கு மேல். அந்தப் பங்கு ஏறிக்கொண்டே வருகிறது. இந்தத் தேர்வு பல வீடுகளின் வாசலுக்கு வரப்போகிறது.

முதலில் ஒரு கணக்கைப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும் என்பது மருத்துவமனைகளில் வழக்கமான விதி. இல்லாவிட்டால் எலும்பு அழுத்துகிற இடங்களில், முதுகின் அடிப்பகுதியிலும் இடுப்பின் பக்கங்களிலும் குதிகாலிலும், ரத்த ஓட்டம் நின்று படுக்கைப்புண் வரும். ஏர் பெட் போட்டால் அழுத்தம் குறையுமே தவிர, புரட்டுகிற வேலை இல்லாமல் போகாது. ஒருவரைப் புரட்டி, டயாப்பர் பார்த்து, நனைந்திருந்தால் துடைத்து மாற்ற இரண்டு பேருக்குப் பத்து நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அப்படிப் பத்துப் பேர் இருந்தால் 100 நிமிடம். அதை முடித்து இருபது நிமிடம் உட்கார்ந்தால் அடுத்த சுற்று வந்துவிடும். இந்த வேலைக்கு மட்டுமே விடிய விடிய இரண்டு பேர் வேண்டும். "நைட்டுக்கு ஒரு ஆயா இருக்காங்க, கூப்பிட்டா வருவாங்க" என்று ஒரு மேனேஜர் சொன்னால், அந்த ஆயா எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி, அங்கே யாரையும் புரட்டுவதில்லை என்று பொருள். அன்பு உள்ளவர்களா இல்லையா என்ற கேள்விக்கு முன்னால் கைகள் போதுமா என்ற கேள்வி வருகிறது.

நேரில் போவதற்கு முன் காகிதங்களை விசாரியுங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007இல் வந்தது. தமிழ்நாட்டில் அதற்கான விதிகள் 2009இல் வந்தன. இல்லத்தின் பதிவு, தீயணைப்புத் துறைச் சான்று, எந்த டாக்டர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார் என்பவற்றைக் கேட்டு வாங்குங்கள். "பதிவு இருந்தால் போதாதா, அரசாங்கம் பார்த்துத்தானே கொடுத்திருக்கும்" என்று கேட்பவர்கள் உண்டு. பதிவில்லாத இடத்துக்குப் போகவே கூடாது, சரி. ஆனால் பதிவு, ஓர் இல்லம் இயங்கலாம் என்பதற்கான அனுமதி. நேற்று இரவு அங்கே என்ன நடந்தது என்பதை அது சொல்லாது. கடுமையான சோதனை முறை உள்ள நாட்டிலேயே இந்த இடைவெளி இருந்தது. அமெரிக்காவில் பராமரிப்பு இல்லங்களுக்கு ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை தரம் குறிக்கும் முறை 2008இல் தொடங்கியது. எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பதை ஆரம்பத்தில் இல்லங்களே எழுதிக் கொடுத்தன. அதில் நம்பகம் போதவில்லை என்பதால் சம்பளப் பதிவேட்டிலிருந்து கணக்கெடுக்கும் முறையைக் கொண்டுவந்து, 2018 முதல் நட்சத்திரத்துக்கும் அதையே அடிப்படையாக்கினார்கள். நமக்கு நட்சத்திரம் கிடையாது. ஆனால் அந்தப் பாடத்தை எடுத்துக்கொள்ளலாம்: வாய்ச்சொல்லைக் கேட்டுக்கொண்டு நிறுத்தாமல், இந்த வாரத்து டூட்டி சார்ட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

இரண்டு தடவையாவது போங்கள். முதல் தடவை சொல்லிவிட்டு. இரண்டாம் தடவை சொல்லாமல், சாயங்காலம் ஏழு மணிக்கோ ஞாயிற்றுக்கிழமை மதியமோ. ஆள் குறைகிற நேரங்கள் அவை. வரவேற்பறையையும் காலி அறையையும் காட்டி அனுப்பிவிடப் பார்ப்பார்கள். படுக்கையில் இருப்பவர்கள் உள்ள பகுதியைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். "அவங்களுக்கும் மானம் மரியாதை இருக்கு சார், எல்லாரையும் விட முடியாது" என்று மறுத்தால் அதில் நியாயம் இருக்கிறது. யாருடைய போர்வையையும் விலக்கிப் பார்க்க நமக்கு உரிமையில்லை. பக்கத்துக் கட்டிலில் திரை போடாமல் உடை மாற்றிக்கொண்டே உங்களைக் கூட்டிப்போகிற இல்லம், நாளை உங்கள் அம்மாவையும் அப்படித்தான் நடத்தும். ஆனால் வாசற்படியில் நின்று பார்த்தாலே பல விஷயங்கள் தெரியும். எல்லாரும் ஒரேபோல மல்லாந்து கிடக்கிறார்களா, சிலராவது ஒருக்களித்து, முதுகுக்குத் தலையணை முட்டுக்கொடுத்துப் படுத்திருக்கிறார்களா? உதடு காய்ந்து வெடித்திருக்கிறதா? நகம் வெட்டியிருக்கிறதா? தண்ணீர் கை எட்டும் தூரத்தில் இருக்கிறதா, அழைப்பு மணி இருந்தால் அது கைக்குப் பக்கத்திலா, சுவரில் சுருட்டி மாட்டியிருக்கிறதா? ஓர் அறையில் சிறுநீர் வாடை வந்தால் குற்றமில்லை, அப்போதுதான் நடந்திருக்கலாம். கூடம் முழுக்க வாடை, அல்லது அதை அமுக்குகிற அளவுக்கு ஃபினாயில் நெடி என்றால் சுத்தம் செய்ய ஆள் போதவில்லை. கொஞ்ச நேரம் நின்று, யாராவது கூப்பிட்டால் எத்தனை நிமிடத்தில் ஆள் வருகிறது என்று கவனியுங்கள். வேறெதையும் பார்க்க நேரமில்லை என்றாலும் இதை மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள்.

சாப்பாட்டு நேரத்தில் இருக்க முடிந்தால் மெனுவை விட்டுவிட்டு ஊட்டிவிடுகிற கையைப் பாருங்கள். பக்கவாதம் வந்தவருக்கும் மறதிநோய் முற்றியவருக்கும் விழுங்குவதே கடினமான வேலை. நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு வாய் இறங்கிய பிறகு அடுத்த வாய் கொடுக்க அரை மணி நேரம்கூட ஆகும். ஒருவரே நாலு பேருக்கு மாற்றி மாற்றி அவசரமாக ஊட்டினால் பாதித் தட்டு திரும்பிப் போகும், அல்லது புரையேறி நுரையீரலுக்குள் போகும். வயதானால் தாக உணர்வு குறைந்துவிடும் என்பதால் கேட்டால்தான் தண்ணீர் என்கிற ஏற்பாடும் ஆபத்து. எடைப் பதிவேடு இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு மாதத்தில் ஐந்து விழுக்காடு, அல்லது ஆறு மாதத்தில் பத்து விழுக்காடு எடை தானாகக் குறைந்தால் அது கவனிக்க வேண்டிய இழப்பு என்பது பராமரிப்பு இல்லங்களில் பின்பற்றப்படும் அளவுகோல். 50 கிலோ உள்ளவருக்கு ஒரே மாதத்தில் இரண்டரைக் கிலோ. எடையே பார்க்காத இல்லத்தில் இது யாருக்கும் தெரியப்போவதில்லை.

பிறகு மேனேஜரிடமோ பொறுப்பு நர்ஸிடமோ உட்கார்ந்து பேசுங்கள். இப்போது எத்தனை பேருக்குப் படுக்கைப்புண் இருக்கிறது, அவர்களில் எத்தனை பேர் ஆஸ்பத்திரியிலிருந்து புண்ணோடு வந்தவர்கள், எத்தனை பேருக்கு இங்கே வந்தது? "இங்க யாருக்குமே கிடையாது" என்று சட்டென்று வருகிற பதிலைவிட, "மூணு பேருக்கு இருக்கு, ரெண்டு பேர் வரும்போதே இருந்தது, ஒருத்தருக்குக் குதிகால்ல இங்கதான் வந்தது, இப்ப ஆறிட்டு வருது" என்கிற பதிலை நான் அதிகம் நம்புவேன். எண்ணிப் பார்க்கிறவர்களுக்குத்தான் எண்ணிக்கை தெரியும். கடந்த மாதம் எத்தனை பேர் கீழே விழுந்தார்கள், அடுத்து என்ன செய்தீர்கள் என்பதும் அதே மாதிரிக் கேள்வி. இவ்வளவு கேட்டால் கோபித்துக்கொண்டு இடம் தர மாட்டார்களே என்று தயங்க வேண்டாம். ஒழுங்காக நடத்துகிறவருக்கு இவை தினமும் மேசையில் இருக்கும் விவரங்கள்.

கட்டிவைப்பதைப் பற்றித் தனியாகக் கேட்க வேண்டும். "விழுந்துடுவாங்க, அவங்க நல்லதுக்குத்தான்" என்று கையைக் கட்டிலோடும் இடுப்பை நாற்காலியோடும் கட்டுவது உண்டு. கேட்கும்போது சரியாகத்தான் தோன்றும். அமெரிக்காவில் 1980களில் இது சர்வசாதாரணமாக நடந்தது. ஒழுங்குக்காகவோ பணியாளர் வசதிக்காகவோ யாரையும் கட்டக் கூடாது என்று 1987இல் சட்டம் வந்தது. முதியவர்கள் விழுவதைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்த மேரி டினெட்டி என்ற மருத்துவர் 1992இல் வெளியிட்ட ஆய்வில், கட்டப்பட்டவர்களுக்குக் கடுமையான விழுகாயங்கள் குறைந்ததாகத் தெரியவில்லை; கூடுதலாகவே இருந்தன. கயிறு இல்லாமல் மாத்திரையாலும் கட்டலாம். தூக்க மாத்திரையும் மனநோய் மருந்தும் கொடுத்தால் வார்டு அமைதியாகிவிடும், முதியவர் தடுமாறி விழுவதும் கூடும். மார்க் பீர்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர், முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலை 1991இல் முதன்முதலில் தொகுத்தது இப்படிப்பட்ட இல்லங்களில் வாழ்பவர்களுக்காகத்தான். பகல் பதினொரு மணிக்குக் கூடத்தில் பாதிப் பேர் தலை தொங்கி உறங்கிக்கொண்டிருந்தால், யார் எழுதிய சீட்டில் என்ன மாத்திரை போகிறது என்று கேளுங்கள். யூரின் பை மாட்டியிருப்பவர்கள் அதிகமாகத் தென்பட்டாலும் காரணம் கேளுங்கள். டயாப்பர் மாற்றும் வேலை மிச்சம் என்பதற்காகப் போடுகிற குழாய் தொற்றைக் கொண்டுவரும்.

பணியாளர்களிடமும் இரண்டு வார்த்தை பேசுங்கள். எத்தனை நாளாக இங்கே இருக்கிறீர்கள், வாரம் ஒருநாள் லீவு உண்டா, எங்கே தூங்குகிறீர்கள்? பகலிலும் இரவிலும் ஒரே முகங்கள் என்றால் இரவில் அவர்கள் தூங்குகிறார்கள், தூங்கவும் வேண்டும். மாதத்துக்கு மாதம் ஆள் மாறுகிற இடத்தில் உங்கள் அப்பா எந்தப் பக்கம் படுத்தால் வலிக்கும் என்று யாருக்கும் தெரிந்திருக்காது. வெளிமாநிலத்திலிருந்து வந்து அக்கறையாக வேலை செய்கிறவர்கள் பல இல்லங்களில் இருக்கிறார்கள்; ஆனால் "வயித்த வலிக்குது" என்று முனகினால் புரிந்துகொள்ளத் தமிழ் தெரிந்த ஒருவராவது ஒவ்வொரு ஷிஃப்டிலும் வேண்டும்.

இதற்கெல்லாம் ஆள் போட்டால் கட்டணம் எங்கே போகும், எல்லாராலும் கொடுக்க முடியுமா என்பது இந்த வாதத்துக்கு வரக்கூடிய கனமான மறுப்பு. உண்மைதான், பராமரிப்பின் செலவில் பெரும்பகுதி ஆட்களுக்கான சம்பளம். அதனால்தான் கொடுக்கிற பணம் புல்தரைக்கும் கிரானைட் தரைக்கும் போகிறதா, இரவு ஷிஃப்டுக்குப் போகிறதா என்று பார்ப்பது நடுத்தரக் குடும்பத்துக்கு இன்னும் அவசியம். எளிய ஓட்டுக் கட்டடத்தில் பன்னிரண்டு பேரை நாலு பேர் கவனிக்கிற இல்லம், பளபளப்பான கட்டடத்தில் அறுபது பேரை ஆறு பேர் கவனிக்கிற இல்லத்தைவிட மேல். "படுத்த படுக்கையானால் எங்களால் முடியாது" என்று வெளிப்படையாகச் சொல்கிற தர்ம இல்லத்தையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். தன் அளவு தெரிந்தவர்கள் அவர்கள். ஆனால் அந்த நாள் வந்தால் எங்கே என்பதை நீங்கள் இப்போதே யோசித்து வைக்க வேண்டும்.

கையெழுத்துப் போடுமுன் நாலு விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: மாதக் கட்டணத்தில் அடங்காதவை எவை, டெபாசிட் எப்போது எவ்வளவு திரும்பும், எந்த நிலை வந்தால் வெளியே போகச் சொல்வார்கள், அவசரத்தில் ஆஸ்பத்திரிக்கு யார் கூடப் போவார்கள். முடிந்தால் பெரிய டெபாசிட் கட்டுமுன் ஒரு மாதம் தங்கவைத்துப் பாருங்கள்.

சேர்த்த பிறகும் மதிப்பீடு நிற்பதில்லை. பெற்றவர்கள் சொல்லும் "நல்லாத்தான் இருக்கேன்" என்பதை மட்டும் நம்ப வேண்டாம். பிள்ளைகளுக்குச் சங்கடம் கொடுக்கக் கூடாது என்று மறைப்பார்கள், பேச முடியாதவர்களால் சொல்லவும் முடியாது. போகும்போதெல்லாம் கால் பிடித்துவிடுகிற சாக்கில் குதிகாலைப் பாருங்கள், முதுகைத் தடவிவிடுங்கள். விரலால் அழுத்தியும் மறையாத சிவப்பு படுக்கைப்புண்ணின் முதல் படி. கறுத்த தோலில் நிறம் தெரியாது, சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். மாதாமாதம் எடையையும் மருந்துப் பட்டியலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வீடியோ காலில் தலை வாரிய முகம்தான் தெரியும். உள்ளூரில் ஒரு சொந்தக்காரரோ நண்பரோ நேரம் மாற்றி மாற்றிப் போய்ப் பார்க்க வேண்டும். குறை தென்பட்டால் தேதி போட்டுப் படம் எடுத்து, பொறுப்பு நர்ஸிடம் எழுத்தில் கொடுங்கள். புகார் செய்தால் அம்மாவிடம் கோபத்தைக் காட்டுவார்களோ என்ற பயம் வீணானதல்ல. அதனால்தான் சொன்ன வாரத்தில் அடிக்கடி நேரில் போக வேண்டும். சரிசெய்யவில்லை என்றால் மாவட்ட சமூக நல அலுவலரிடம் எழுதிக் கொடுக்கலாம், மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567ஐ அழைக்கலாம். புண் ஆழமாகிக்கொண்டே போனாலோ கட்டிய தழும்பு மணிக்கட்டில் தெரிந்தாலோ, புகாரின் பதிலுக்குக் காத்திருக்காமல் முதலில் ஆளை டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.