ஊறுகாய்க்குக் கண்ணாடியா, பிளாஸ்டிக்கா?

1. ஊறுகாயைக் கண்ணாடி பாட்டிலிலோ பீங்கான் ஜாடியிலோ போடுங்கள். புளிப்பும் உப்பும் எண்ணெயும் அவற்றை ஒன்றும் செய்யாது. பிளாஸ்டிக்கிலோ மஞ்சள் கறையும் பூண்டு வாடையும் ஏறிவிடும். எத்தனை முறை கழுவினாலும் போகாது.

2. கழுவிய பாட்டிலை வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றாலும் பூஞ்சை பிடிக்கும்.

3. காய்ச்சிய எண்ணெயை ஆறவிட்டே ஊற்றுங்கள். சூட்டில் கண்ணாடி விரிசல் விடும், பிளாஸ்டிக் நெளியும்.

4. தகர மூடி வேண்டாம். உப்பு பட்டால் துருப்பிடிக்கும். மூடி மட்டும் பிளாஸ்டிக்காக இருப்பதே நல்லது.

5. நல்லெண்ணெய் பாட்டிலை ஜன்னலோரம் வைக்காதீர்கள். வெளிச்சம் பட்டால் சிக்கு வாடை வரும்.

6. பாட்டில் விஷயத்தில் இன்னொன்று: பினாயில், மண்ணெண்ணெயைக் குளிர்பான பாட்டிலில் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தைகள் குடித்துவிடுவார்கள்.