காயு பூத்தே தைலம்: கொஞ்சம் போதும், கவனம் வேண்டும்

மத்தியதரைக் கடலோர மக்கள் சளிக்கு மிர்ட்டில் இலை எண்ணெயை நாடுவார்கள். மலேசியாவின் கெடா மாநில வீடுகளில் அந்த வேலையைச் செய்வது காயு பூத்தே தைலம். இதைத் தரும் கெலாம் மரமும் மிர்ட்டில் குடும்பம்தான். கொய்யா, நாவல், கிராம்பு, யூகலிப்டஸ் எல்லாம் அதன் உறவுகள். தைலத்தின் நெடிக்கு முக்கியக் காரணம் சினியோல் என்ற வேதிப்பொருள்.

மூக்கடைப்பு: கைக்குட்டையில் 2 சொட்டு விட்டு முகர்ந்தால் மூக்கு இதமாகும். ஆஸ்துமா உள்ளவர்கள் தவிர்க்கலாம்.

உடல்வலி: ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயில் 2 அல்லது 3 சொட்டு கலந்து தேய்க்கவும். முதலில் முழங்கையின் உட்புறம் சிறிது தடவி ஒரு நாள் பார்க்கவும்.

கருவாட்டு வாடை: கெடாவின் தஞ்சோங் டாவாயில் நெத்திலியும் பெலாச்சானும் (இறால் விழுது) வாங்கிவந்த காரில், 2 சொட்டு விட்ட பஞ்சைச் சிறு கண்ணாடிக் குப்பியில் வைக்கவும். பிளாஸ்டிக்கில் பட்டால் அரிக்கும்.

குழந்தைகள்: 2 வயதுக்கு உட்பட்டவர்களின் முகத்திலும் மூக்கருகிலும் தடவவே கூடாது. ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடுள்ள குழந்தை என்றால், எந்தத் தைலமானாலும் மருத்துவரைக் கேட்ட பிறகே.

வாங்கும்போது: புட்டியில் எம்ஏஎல் எனத் தொடங்கும் பதிவு எண்ணும் ஹாலோகிராம் முத்திரையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பாரம்பரிய மருந்தின் எண் 'டி' எழுத்தில் முடியும்.

சாமி விளக்கருகே வைக்காதீர்கள், எளிதில் தீப்பற்றும். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே 999-ஐ அழையுங்கள். புட்டியையும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.