விழியைச் சாய்க்கும் தலைவலி

ஐந்தாறு வயதுக் குழந்தைக்கு ஒரு பக்கமாகத் தலை வலிக்கிறது; வாந்தியும் வருகிறது. சில நாட்களில் அந்தப் பக்கத்துக் கண்ணிமை தொங்கி விடுகிறது. இமையைத் தூக்கிப் பார்த்தால் விழி கீழாகவும் வெளிப்புறமாகவும் ஒதுங்கி நிற்கும். சில வாரங்களில் தானே சரியாகும்; பின்னொரு நாள் மறுபடியும் வரும். மிக அரிதான இந்நோயை ஒற்றைத் தலைவலியின் ஒரு வகை என்று கருதி, 1890இல் பிரெஞ்சு மருத்துவர் ஷார்க்கோ அப்படியே பெயரும் சூட்டினார்.

விழி ஏன் அந்தத் திசையில் ஒதுங்க வேண்டும்? மாணவர்களே, இது நீங்கள் படித்த விசைகளின் சமநிலைதான். ஒவ்வொரு விழியையும் ஆறு தசைகள் இழுக்கின்றன. அவற்றுள் நான்கையும், இமையைத் தூக்கும் தசையையும் இயக்குவது மூளையிலிருந்து வரும் மூன்றாம் நரம்பு. அது செயலிழந்தால் எஞ்சுபவை இரண்டே தசைகள். ஒன்று விழியை வெளியே இழுக்கும்; மற்றொன்று கீழே இழுக்கும். கயிறு இழுக்கும் போட்டியில் எதிர்ப்பக்கத்தார் கயிற்றை விட்டுவிட்டால் என்ன ஆகும்?

ஆக, பழுது எந்த நரம்பில் என்பதை விழியே சொல்லிவிடுகிறது. என்ன பழுது என்பதைக் காண காந்த ஒத்ததிர்வுப் படம், அதாவது எம்.ஆர்.ஐ., தேவைப்பட்டது.

நம் உடலிலுள்ள நீரில் ஹைட்ரஜன் உண்டு. அதன் உட்கருவான புரோட்டான் ஒரு நுண்காந்தம். 1.5 டெஸ்லா காந்தப் புலத்தில் (புவியின் புலத்தைப் போல் ஏறத்தாழ 30,000 மடங்கு) அது சாய்ந்த பம்பரம் போல் நொடிக்குச் சுமார் 6.4 கோடி முறை தலைசுற்றி ஆடும். அதே அதிர்வெண்ணுள்ள ரேடியோ அலையைச் செலுத்தினால் புரோட்டான்கள் ஆற்றலை ஏற்கும். அலையை நிறுத்தியதும் சைகை தந்துகொண்டே பழைய நிலைக்குத் திரும்பும். திரும்ப ஆகும் நேரம் திசுவுக்குத் திசு வேறுபடும். அந்த வேறுபாடே படமாகிறது.

ஆனால் மூன்றாம் நரம்பு சில மில்லிமீட்டர் தடிமனே உள்ளது. அதனை எடுத்துக்காட்டக் காடோலினியம் என்னும் தனிமத்தின் சேர்மத்தை இரத்தத்தில் செலுத்துவர். காடோலினிய அயனியில் இணை சேராத எலெக்ட்ரான்கள் ஏழு. எனவே அது வலிய காந்தத்தன்மை உடையது. அருகிலுள்ள புரோட்டான்களை விரைவில் பழைய நிலைக்குத் திருப்பிவிடும். அவ்விடம் படத்தில் பளிச்சிடும். (தனி அயனி நச்சு, ஆகையால் அதைக் கூண்டு போன்ற மூலக்கூறுக்குள் அடைத்தே செலுத்துவர்.) நலமான நரம்புக்குள் இம்மருந்து எளிதில் கசியாது, அழற்சி கண்ட நரம்பில் கசியும்.

இக்குழந்தைகளில் பலருக்கு, நடுமூளையை விட்டு வெளிவரும் இடத்தில் மூன்றாம் நரம்பு தடித்துப் பளிச்சிட்டது! நோய் தணிந்த பின் எடுத்த படங்களில் பலருக்கு அந்த ஒளி குறைந்திருந்தது. இதன் விளைவு சிறியதன்று. 1988ஆம் ஆண்டுப் பன்னாட்டுத் தலைவலி வகைப்பாட்டில் ஒற்றைத் தலைவலிகளுள் இருந்த இந்நோய், 2004இல் நரம்பு நோய்களின் பகுதிக்கு மாற்றப்பட்டது. பிறகு 'ஒற்றைத் தலைவலி' என்ற சொல்லே பெயரிலிருந்து நீங்கியது. எல்லாக் குழந்தைகளுக்கும் நரம்பு பளிச்சிடுவதில்லை என்பதால் வாதம் இன்னும் முடியவில்லை.

பெயர் எதுவானாலும் படம் எடுத்தே ஆக வேண்டும். கட்டியோ, வீங்கிய இரத்தக்குழாயோ இதே நரம்பை அழுத்தினாலும் இமை இப்படியேதான் தொங்கும்.